நிறுத்திய பின்னும் தணியாத உலை

எரிவாயு அடுப்பில் சமையலை முடித்துவிட்டுத் திருகைத் திருப்பினால் சுடர் அந்த நொடியிலேயே அணைந்துவிடும். விறகு அடுப்பு அப்படியன்று. கொள்ளிகளை வெளியே இழுத்துப் போட்ட பிறகும் சாம்பலுக்கு அடியில் தணல் கிடக்கும். அதன்மேல் பால் சட்டியை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவார்கள் நம் பாட்டிமார். மாணவர்களே, அணு உலை இவ்விரண்டில் எதைப் போன்றது?

என் வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டால் பெரும்பாலோர் எரிவாயு அடுப்பு என்றே விடை சொல்வார்கள். கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கினால் உலை நின்றுவிடும் என்று படித்திருக்கிறார்கள் அல்லவா? அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

யுரேனிய அணுக்கரு ஒரு நியூட்ரானை ஏற்று இரண்டாகப் பிளக்கிறது. அப்போது வெளிவரும் நியூட்ரான்கள் வேறு அணுக்கருக்களைப் பிளக்கின்றன. தண்டுகள் இந்த நியூட்ரான்களை விழுங்கிவிடுவதால் பிளவுத் தொடர் சில நொடிகளில் அறுந்துபோகிறது. ஆனால் பிளந்த துண்டுகள் எங்கும் போய்விடவில்லை. அயோடின், சீசியம், ஸ்ட்ரான்சியம் முதலிய தனிமங்களின் நிலையற்ற அணுக்களாக அவை எரிபொருளுக்குள்ளேயே தங்கியிருக்கின்றன. அவை பீட்டா, காமாக் கதிர்களை வீசிச் சிதைகின்றன. அக்கதிர்களின் ஆற்றல் எரிபொருளிலேயே வெப்பமாக மாறுகிறது. இதற்குச் சிதைவு வெப்பம் என்று பெயர். தணலின் மேல் நீரைக் கொட்டினால் அது அணைந்துவிடும். கதிரியக்கத்தையோ எதைக் கொட்டியும் அணைக்க முடியாது. நீர் வெப்பத்தை எடுத்துச் செல்லும், அவ்வளவே.

இந்த வெப்பம் எவ்வளவு? ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தின் 2ஆம் உலையை எடுத்துக்கொள்வோம். முழு வேகத்தில் அது 2,381 மெகாவாட் வெப்பத்தைத் தந்தது. நிறுத்திய கணத்தில் இதில் 6 முதல் 7 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 150 மெகாவாட், சிதைவு வெப்பமாக வந்துகொண்டிருக்கும். ஒரு மணி நேரம் கழித்து 35 மெகாவாட். ஒரு நாள் கழித்து 12 மெகாவாட் அளவு. மிகவும் குறைந்துவிட்டதே என்று தோன்றும். தாளும் பென்சிலும் எடுங்கள். 25 டிகிரியில் உள்ள ஒரு கிலோகிராம் நீரை முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 2,575 கிலோஜூல் வேண்டும். 12 மெகாவாட் என்பது நொடிக்கு 12,000 கிலோஜூல். வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு 4½ கிலோகிராமுக்குச் சற்று மேல் வரும். மூன்று நொடிக்கு ஒரு குடம் நீர் கொதித்து வற்றிக்கொண்டே இருக்கும்; ஒரு நாளைக்கு 400 டன். இத்தனையும் உலை 'நின்றுபோய்' ஒரு நாள் ஆன பின்!

அந்தக் குடத்தை ஊற்றுவது யார்? பம்புகள். பம்புகளை ஓட்டுவது மின்சாரம்.

மின்சாரம் நின்ற நாள்

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு ஜப்பானின் கிழக்குக் கடலடியில் 9.0 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. ஃபுகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. வெளி மின்கம்பிகள் அறுந்தன. உடனே டீசல் மின்னாக்கிகள் ஓடத் தொடங்கின. அதுவரை எல்லாம் திட்டமிட்டபடியே நடந்தது. ஏறத்தாழ 50 நிமிடங்களில் ஆழிப்பேரலை வந்தது. சுமார் 6 மீட்டர் அலையை எண்ணிக் காப்புச் செய்திருந்த இடத்தில் 14 மீட்டர் உயரத்துக்கு நீர் ஏறியது. மின்னாக்கிகளில் பெரும்பாலானவை நிலவறைகளில் இருந்தன. அவை மூழ்கின.

உலைக்குள் நீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவிகளுக்குக்கூட மின்சாரம் இல்லை. ஊழியர்கள் தங்கள் கார்களின் பாட்டரிகளைக் கழற்றி வந்து இணைத்து அளவு பார்த்தார்கள். தீயணைப்பு வண்டிகளைக் கொண்டு நீர் பாய்ச்சினார்கள்; நன்னீர் தீர்ந்தபின் கடல்நீரைப் பாய்ச்சினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. மூன்று உலைகளிலும் எரிபொருள் உருகியது.

உருகியதோடு முடியவில்லை. எரிபொருளை மூடியிருக்கும் குழாய்கள் சிர்க்கோனியக் கலவையால் ஆனவை. சூடேறிய மக்னீசியம் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும் என்று வேதியியலில் படித்திருப்பீர்கள். ஆயிரம் டிகிரிக்கு மேல் சிர்க்கோனியமும் அதையே செய்கிறது. மார்ச் 12 முதல் அடுத்தடுத்து உலைக் கட்டடங்களின் கூரைகளைப் பெயர்த்தது இந்த ஹைட்ரஜன்தான்; அணுகுண்டு போன்ற வெடிப்பு அன்று. ஆயினும் கதிரியக்கப் பொருள்கள் வெளியேறின. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது.

1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் உலை சில நொடிகளில் நிறுத்தப்பட்ட பிறகே பாதி எரிபொருள் உருகியது. மூடாமல் சிக்கிக்கொண்ட வால்வு வழியே நீர் போனதை இயக்குநர்கள் உணரவில்லை. அங்கும் சிதைவு வெப்பமே. (1986இல் செர்னோபிலில் நடந்தது வேறு வகை. அங்கே பிளவுத் தொடரே கட்டுக்கு அடங்காமல் போயிற்று.)

உயரத்தில் ஓர் உலை

ஒனகாவா அணுமின் நிலையம் ஃபுகுஷிமாவைவிட நிலநடுக்க மையத்துக்கு அருகில் இருந்தது. அங்கும் 13 மீட்டர் அலை வந்தது. ஆனால் அதைக் கட்டியவர்கள் 14.8 மீட்டர் உயரத்தில் இடம் தேர்ந்திருந்தார்கள். ஒரு வெளி மின்தடமும் எஞ்சியது. உலைகள் பத்திரமாகக் குளிர்ந்தன. வீடிழந்த மக்கள் முந்நூறு பேருக்கு மேல் அந்த நிலையத்தின் உடற்பயிற்சிக் கூடத்திலேயே தஞ்சம் புகுந்தார்கள்! நம் கல்பாக்கத்திலும் 2004 டிசம்பர் 26 அன்று பம்பு நிலையத்துக்குள் கடல் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த 2ஆம் உலை நிறுத்தப்பட்டது, மின்சாரம் அற்றுப்போகவில்லை. 2005 ஜனவரி 2இல் உலை மீண்டும் ஓடியது.

கூடங்குளம் உலைகளில் பம்பை நம்பாத ஏற்பாடு ஒன்று உண்டு. நீராவி தானாக மேலேறி, காற்றில் குளிரும் குழாய்களில் நீராகி, தன் எடையால் கீழிறங்குகிறது. மின்சாரமே தேவையில்லை. இதைக் கற்றறிந்து வியக்கிறேன். ஆனாலும் 2011, 2012ஆம் ஆண்டுகளில் இடிந்தகரை மக்கள் "மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள்?" என்ற அச்சத்தோடு போராடியதை அறியாமை என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை. அது இயற்பியலார் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு நாடுகள் ஒரே விடை தரவில்லை. ஜெர்மனி தன் கடைசி மூன்று உலைகளை 2023 ஏப்ரல் 15இல் மூடியது. 54 உலைகளை வைத்திருந்த ஜப்பான் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகச் சோதித்துச் சிலவற்றை மட்டும் திறந்திருக்கிறது. ஒனகாவாவின் 2ஆம் உலை 2024 அக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கியது. சீனாவும் இந்தியாவும் புதிய உலைகளைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. நிலக்கரிப் புகை வானிலையைக் கெடுப்பதும், வெயிலும் காற்றும் எந்நேரமும் கிடைக்காததும் அவற்றின் வாதம். அதிலும் பொருள் இருக்கிறது.

ஃபுகுஷிமாவின் மூன்று உலைகளில் உருகி உறைந்த பொருள் 880 டன் இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2024 நவம்பரில் நீண்ட கருவிக்கோல் ஒன்றை உள்ளே செலுத்தி அதில் முதல் துணுக்கை வெளியே எடுத்தார்கள். அதன் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. மீதமுள்ளதன் மீது இன்றும் நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள்.