‘அவுட்டர்’னு சொல்லாதீங்க சார்!

“பையனுக்கு வீடு எங்கே?”

“அம்பத்தூர்.”

“ஓ... அவுட்டரா?”

பெண் வீட்டார் இழுக்கும் இந்த இழுப்பில் எத்தனை ஜாதகம் திரும்பியிருக்கும்! மெரீனாவும் மவுன்ட் ரோடும்தான் தலைநகரம் என்று நினைப்பு. நான் பி.காம். படித்தவன், வரவுப் பக்கத்தையும் பார்த்துத்தானே ஆகணும்?

1639-ல் கோட்டைக்கு இடம் கொடுத்த வெங்கடாத்ரி நாயக்கரின் சகோதரர் அய்யப்ப நாயக்கர், பூந்தமல்லியில் இருந்துதான் இந்தப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டார். அன்றைக்கு மெட்ராஸ்தான் சார் அவுட்டர்!

அப்பா காலத்து ஹெர்குலிஸ் சைக்கிள் ஞாபகம் இருக்கா? 1949-ல் தொடங்கிய டி.ஐ. கம்பெனி அம்பத்தூரில் தயாரித்தது. 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. லேத்து, பிரஸ், மோல்டிங் என்று சந்துக்குச் சந்து பட்டறை. பளபளக்கும் காருக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத உதிரி பாகங்கள் இங்கே பிறக்கின்றன. பேர் மட்டும் காருக்கு! இப்போது பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடங்களில் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் உண்டு.

ஆவடி என்பது ராணுவ வண்டி டெப்போவின் இங்கிலீஷ் சுருக்கம் என்று ஆபீசில் யாராவது அளப்பார்கள். நம்பாதீங்க. டாங்கித் தொழிற்சாலை வந்தது 1961-ல். 1955-லேயே ‘ஆவடி காங்கிரஸ்’ கூடி சோஷலிச பாணி சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்டுவிட்டது. விஜயந்தா, அர்ஜுன் டாங்கிகள் உருண்டு வந்தது இங்கிருந்துதான்.

2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் வந்தாச்சு. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி. மாமனார்களுக்குத்தான் கெஜட் போய்ச் சேரவில்லை.

சுற்றிப் பார்க்கவா? சென்ட்ரலில் ஆவடி லோக்கல் பிடித்து திருமுல்லைவாயிலில் இறங்குங்க. மாசிலாமணீஸ்வரர் கோயிலில் நந்தி சாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். தொண்டைமானுக்காகச் சண்டைக்குப் புறப்பட்டதாம். டாங்கி ஊருக்குப் பக்கத்து நந்தியாச்சே!