வேலிக்குள் நகரம் – 9: கார்பின்ச்சோவின் புல்வெளி

சாவ் பாவ்லோவின் மதில்கள் சென்ற வாரத்தோடு முடிந்தன. வெளியாள் ஒருவர் வாயிலைக் கடக்கும் முறை இவ்வாரத்துக்கு உரியது. அதைக் காண ஏற்ற இடம், அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் அயர்ஸுக்கு வடக்கே, டீக்ரே வட்டாரத்தில் உள்ள நோர்தெல்டா.

வேலியிட்ட செல்வர் குடியிருப்பை அந்நாட்டு மக்கள் 'கன்ட்ரி' என்றே அழைக்கின்றனர். 1930-இல் தொடங்கிய தோர்துகாஸ் மன்றம் இவ்வகையில் முதலாவது. போலோ ஆட வருவோரின் வார இறுதி வீடுகளாகத் தோன்றிய இந்த வகைக்கு 1977-இல் புவெனஸ் அயர்ஸ் மாகாணம் சட்ட வடிவம் தந்தது. நெடுஞ்சாலைகள் விரிவடைந்த 1990-களில் இவை நிரந்தர வசிப்பிடங்களாக மாறின. எதுவார்தோ கொஸ்தான்தினியின் நிறுவனம் எழுப்பிய நோர்தெல்டா ஏறத்தாழ 1,600 ஹெக்டேர் பரப்புடையது. பள்ளிகளும் கடைவீதியும் கொண்ட அந்நகரம், தனித்தனிக் காவல் வாயில் உள்ள இருபதுக்கும் மேற்பட்ட குடியிருப்புகளாகப் பிரிந்துள்ளது.

இவ்வளவு காவலையும் பொருட்படுத்தாமல் உள்ளே உலவுவது கார்பின்ச்சோ, அதாவது உலகின் மிகப்பெரிய கொறிவிலங்கான கபிபாரா. கினிப்பன்றியின் உறவினமான இது வளர்ந்த நிலையில் 50 கிலோவையும் தாண்டக்கூடியது. கண், காது, மூக்குத் துளை மூன்றும் தலையின் மேற்புறத்தில் அமைந்திருப்பதால், உடல் முழுவதும் நீரில் அமிழ்ந்திருக்கும்போதே கரையில் நடப்பதைப் பார்க்கவும் கேட்கவும் மோப்பம் பிடிக்கவும் இதனால் முடிகிறது. விரலிடைச் சவ்வு நீந்த உதவுகிறது. வாழ்நாள் முழுவதும் வளரும் முன்பற்கள் குட்டைப் புல்லையும் தரையோடு கத்தரித்துவிடுகின்றன. 

2021 ஆகஸ்டில் இவ்விலங்குகள் தோட்டங்களை அழிப்பதாகவும், வளர்ப்பு நாய்களைக் கடிப்பதாகவும், சாலை விபத்துகளுக்குக் காரணமாவதாகவும் நோர்தெல்டா குடியிருப்போர் முறையிட்டது உலகச் செய்தியானது. ஆனால் நோர்தெல்டா எழுந்த நிலமோ பரானா கழிமுகத்தையும் லுஹான் ஆற்றையும் ஒட்டிய ஈரநிலம், அதாவது ஆறு பெருகும்போது நீரைத் தாங்கி மெல்ல வடியவிடும் தாழ்நிலம். அங்கே ஏரிகளைத் தோண்டி, அந்த மண்ணைக் கொண்டே மனைகளை மேடாக்கினர். கபிபாராவை வேட்டையாடிய பெரும்பூனையினங்கள் அப்பகுதியில் எப்போதோ அற்றுப்போயின. ஏரிக்கரையிலோ ஆண்டு முழுவதும் நீர் பாய்ச்சிய இளம்புல். தன் மேய்ச்சல் நிலம் முன்னைவிடச் செழிப்பாக இருப்பதைக் கண்ட விலங்கு அங்கேயே தங்கிப் பெருகியதில் வியப்பில்லை. அதை ஊடுருவியதாகக் குற்றம்சாட்டுவது நிலத்தின் வரலாற்றை மதில் கட்டிய நாளிலிருந்து மட்டும் எண்ணுவதாகும். ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கோரியோர் கார்பின்ச்சோவைத் தம் சின்னமாக்கிக்கொண்டது முற்றிலும் பொருத்தமே.

மனிதருக்கும் இதே கணக்கு நேர்ந்தது. அந்த வீடுகளைத் துடைத்து, குழந்தைகளைப் பேணும் பெண்கள் நாள்தோறும் வாயிலைக் கடக்கின்றனர். எனினும் உள்ளே ஓடிய தனியார் பேருந்தில் குடியிருப்போரோடு தங்களை ஏற்ற மறுப்பதாகக் கூறி அவர்கள் 2018-இல் சாலையை மறித்தனர். பொதுப் பேருந்து உள்ளே வர வழி பிறந்தது அதன் பின்னரே. ஒரு குடியிருப்பு தன்னைத் தாங்கும் நிலத்தையும் உழைப்பையும் அயலாகக் கருதத் தொடங்கினால், அதன் வாயில் பாதுகாப்புக்கு உரியதாக மட்டும் நிற்பதில்லை. யாருக்கு மதிப்பு, யாருக்கு இல்லை என வரிசைப்படுத்தும் கருவியாகவும் ஆகிவிடுகிறது.

வாயிலில் காட்டவேண்டிய அடையாள அட்டை, வீட்டு உரிமையாளர் முன்கூட்டித் தரவேண்டிய ஒப்புதல், வெளியேறும்போது பணியாளர் பையைத் திறந்துகாட்டும் வழக்கம் ஆகியவை, கார்பின்ச்சோவின் கதையே இவ்வாரத்தை எடுத்துக்கொண்டதால், அடுத்த வாரத்துக்குச் செல்கின்றன. அவற்றுள் கடைசியான பைச் சோதனையிலிருந்தே அப்பகுதி தொடங்கும்.