தோல் துண்டுக் கைவினை

தோல் துண்டுக் கைவினை என்பது காலணி, பை, ஆடை ஆகியவற்றைத் தைக்கும் தொழிற்சாலைகளில் வெட்டி எஞ்சும் சிறு தோல் துண்டுகளைக் கொண்டு வீட்டு அலங்காரப் பொருட்களையும் சிறு பயன்பாட்டுப் பொருட்களையும் கையால் செய்வதாகும். தமிழ்நாட்டில் இதற்கான மூலப்பொருள் மிகுதியாகச் சேரும் பகுதி பாலாற்றங்கரையின் தோல் தொழில் ஊர்களாகும். இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய இவ்வூர்கள் யாவும் முன்பு ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தன. 2019-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் உள்ளன.

துண்டுகள் எஞ்சுவது ஏன்

துணியைப் போலத் தோல் ஒரே அகலத்தில், ஒரே தரத்தில் வருவதில்லை. முதுகுப் பகுதி இறுக்கமாகவும், வயிறும் கழுத்தும் தளர்வாகவும் இருக்கும். முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த தடம், சூட்டுக்கோல் அடையாளம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் ஷூவின் மேற்பகுதியை வெட்டுவார்கள். எவ்வளவு கவனமாக வெட்டினாலும் அச்சுகளுக்கு இடையில் உள்ளங்கை அளவுத் துண்டுகள் மீந்துபோகும். ஒதுக்கப்பட்ட தழும்புத் தோலிலும் குறை தோற்றத்தில்தான். உறுதியில் பெரும்பாலும் குறை இருக்காது. ஷூவுக்கு ஆகாத தழும்பு சுவரில் தொங்கும் பொருளுக்கு அழகாகவே அமையும்.

இரு வகைத் தோல்

இக்கைவினையில் முதலில் அறிய வேண்டியது கையிலிருக்கும் துண்டு எந்த முறையில் பதனிடப்பட்டது என்பதே. எந்தப் பொருளை எத்தோலில் செய்யலாம் என்பது மட்டுமன்றி, மீந்ததை என்ன செய்யக்கூடாது என்பதும் இதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டின் பழைய முறை ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிடுவது. இத்தோல் 'ஈ.ஐ. தோல்' என்ற வணிகப் பெயரில் நெடுங்காலம் ஏற்றுமதியாயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் உப்பு கொண்டு பதனிடும் சோதனைகளை நடத்தினார். 1970-களில் பச்சைத் தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதியை நடுவண் அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையும் தோல் பொருட்களையும் ஊக்குவித்தது. இன்று ஷூவின் மேற்பகுதிக்கு வரும் தோலில் பெரும்பங்கு குரோம் தோலே.

இரண்டையும் வேறுபடுத்துவது எளிது. வெட்டிய விளிம்பைப் பார்த்தால் பட்டைத் தோல் உள்ளே பழுப்பாக இருக்கும். குரோம் தோல், நடுவரை சாயம் ஏறாதிருந்தால், நீலம் கலந்த சாம்பல் நிறம் காட்டும். ஐயம் தீராவிட்டால் விரல்நகம் அளவுத் துண்டைக் கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போடலாம். பட்டைத் தோல் சுருண்டு விறைத்துவிடும். நன்கு பதனிட்ட குரோம் தோல் ஏறக்குறைய அப்படியே இருக்கும். துண்டுகளோடு ரெக்சினும் கலந்து வருவதுண்டு. அதன் அடிப்புறத்தில் நெய்த துணி தெரியும்; உண்மைத் தோலின் அடியில் நார்தான் இருக்கும்.

தோலா ரெக்சினா என்று அறியத் தீயில் காட்டிப் பார்க்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அதைக் கைவிடுவதே நல்லது. குரோம் தோலில் இருப்பது மூவிணைதிறக் குரோமியம். அது ஒப்பளவில் தீங்கு குறைந்தது. எரிக்கும்போது அதில் ஒரு பகுதி அறுவிணைதிறக் குரோமியமாக மாறிச் சாம்பலில் தங்கக்கூடும். இது புற்றுநோய் உண்டாக்குவது. உடலில் படும் தோல் பொருளில் இது ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என 2015 முதல் ஐரோப்பிய ஒன்றியம் வரம்பிட்டுள்ளது. எனவே தோல் துண்டுகளை அடுப்பு மூட்டவும், குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும், அவற்றின் சாம்பலைச் செடிக்குப் போடவும் கூடாது. தோல் கழிவால் பாலாறு பட்ட பாடு 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் பதிவாகியுள்ளது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய அவ்வழக்கைத் தொடுத்தது வேலூர்க் குடிமக்கள் நலமன்றம்.

செய்யத்தக்க பொருட்கள்

கத்தரி, பிளேடு, குத்தூசி, மெழுகு பூசிய நூல், செருப்புத் தைப்போர் பயன்படுத்தும் சொல்யூஷன் பசை ஆகியவை போதும். பசையின் ஆவி தலைவலி தருமாதலால் சன்னலைத் திறந்துவைத்தே ஒட்ட வேண்டும்.

குரோம் தோல் மென்மையானது, வளைவது. விளிம்பை மடித்துத் தைக்காவிட்டாலும் துணிபோல நூல் பிரியாது. வாசல் தோரணத்துக்கு இது ஏற்றது. 10 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் மாவிலை வடிவாக வெட்டி, மேற்புறம் இரு துளையிட்டுக் கயிற்றில் கோத்தால் மூன்றடி நிலைவாசலுக்கு 20 இலைகள் வரை வேண்டும். ஷூ கம்பெனித் துண்டுகளில் பச்சை அரிதாகவே கிடைக்கும். கறுப்பையும் பல பழுப்புகளையும் கலந்து கோப்பதே நன்று. வாசலில் தோல் தொங்குவதை விரும்பாத வீடுகளும் உண்டு. தோல் என்றாலே செருப்பு என்ற எண்ணமும், அத்தொழிலின்மீது சுமத்தப்பட்ட சாதி இழிவும் இதற்குப் பின்னால் உள்ளன. ஆனால் மிருதங்கமும் தவிலும் தோல் இல்லாமல் இல்லை.

இரு துண்டுகளை முதுகோடு முதுகு ஒட்டி ஓரம் தைத்தால் தம்ளர் வைக்கும் தட்டாகும். சதுரங்களை இணைத்துத் தலையணை உறை தைக்கலாம். 10 செ.மீ. நீளத் துண்டைத் தலைப்பில் 2 செ.மீ. விட்டுச் சீவலாக வெட்டிச் சுருட்டி ஒட்டினால் சாவிக்கொத்துக்குக் குஞ்சம் ஆயத்தம்.

பட்டைத் தோல் அரிதாகக் கிடைத்தாலும் அதனால் ஆவது அதிகம். 2 மி.மீ. கனமுள்ள துண்டைப் பச்சைத் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை ஊறவைத்து, கவிழ்த்த கிண்ணத்தின்மேல் இழுத்துக் கட்டி நிழலில் உலர்த்தினால் அவ்வடிவிலேயே விறைத்து நிற்கும். சாவி, சில்லறை போட்டுவைக்கலாம். வெந்நீர் ஆகாது. துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் ஊறவைத்து வடித்த நீரைத் தடவினால், பட்டையின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்து தோல் சில நிமிடங்களில் கறுக்கும். கடுக்காய் ஏற்றிய துணியில் கலம்காரிக் கலைஞர்கள் கறுப்பு வரைவதும் இதே வினைதான். குரோம் தோலில் இது பலிக்காது.

தையலில் சிறந்தது ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இருபுறமிருந்தும் எதிரெதிராக வாங்குவது. ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். ஆம்பூர்ப் பகுதியில் ஷூவின் மேற்பகுதியை வீட்டிலிருந்தே ஜோடிக் கணக்குக் கூலிக்குக் கையால் தைக்கும் பெண்கள் பலர். இக்கைவினைக்கு வேண்டிய கைப்பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அந்த ஷூ விற்கும் விலையில் அவர்கள் கைக்கு வருவது மிகச் சிறு பங்கே. துண்டுத் தோலில் தாமே செய்து விற்கும் பொருளுக்கு விலை சொல்லும் உரிமையேனும் தைத்தவருக்கு இருக்கும்.

பராமரிப்பு

மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்தால் உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட விட வேண்டும். நேர் வெயில் தோலை வெடிக்கச் செய்யும். பட்டைத் தோலுக்கு ஆண்டுக்கொரு முறை சில துளி எண்ணெய் போதும். மேற்பூச்சு உள்ள குரோம் தோலில் எண்ணெய் உட்புகாமல் பிசுக்காக நிற்கும். உணவை நேரடியாக வைக்கும் தட்டாகவும், வாயில் வைக்கும் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருளாகவும் இத்துண்டுகளைப் பயன்படுத்தக் கூடாது.