வெள்ளிமலை ஏறும் வண்டிக்கு ஒரு பெட்டி

டீயைக் குடியுங்கள், விஷயம் கொஞ்சம் நீளம். மோட்டார் சைக்கிளுக்கு ஃபேரிங், அதாவது காற்றை விலக்கும் முன்கவசம் மாட்டி, அதற்குள்ளேயே சாமான் வைக்க இடமும் செய்துகொள்ள விரும்புகிறவரிடம் நான் முதலில் கேட்பது, வண்டி எந்தச் சாலையில் ஓடும் என்பதுதான். கள்ளக்குறிச்சிக்காரருக்கு இதற்கு இரண்டு பதில் உண்டு. சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒன்று. கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் முக்கி ஏறும் வண்டி இன்னொன்று. அநேகமாக இரண்டும் ஒரே வண்டிதான்.

ஃபேரிங் காற்றுக்காக வந்த பொருள். காற்றின் எதிர்ப்பு, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண வண்டிக்கு 70-ல் அது சுமார் 14 கிலோ எடையை இழுப்பதற்குச் சமம். 30-ல் இரண்டரை கிலோதான். இப்போது மலையைப் பாருங்கள். ஆளும் சாமானும் சேர்ந்து 250 கிலோ இருக்கும் வண்டி, 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் சாலையில் ஏறினால், மலை மட்டும் 25 கிலோ அளவுக்குப் பின்னால் இழுக்கும். அங்கே காற்று ஒரு பொருட்டே இல்லை. எடையும், எடை உட்காரும் இடமும்தான் கணக்கு. ஆகவே மலைக்காரர் பெட்டியை மலைக்காக வடிவமைக்க வேண்டும். காற்றுக்கான வழவழப்பை அதன்பிறகு அதன்மேல் ஏற்றிக்கொள்ளலாம். இதை மாற்றிச் செய்தால் வண்டி பார்க்க அழகாக இருக்கும், கொண்டை ஊசி வளைவில் தடுமாறும்.

ஏன் தடுமாறும்? பின்சக்கர அச்சுக்கு 25 செ.மீ. பின்னால் 20 கிலோ பெட்டியைத் தொங்கவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அச்சுக்கும் இடைவெளி 125 செ.மீ. பின்சக்கரத்தில் ஏறும் எடை 20 அல்ல, 24. மீதி 4 கிலோ முன்சக்கரத்திலிருந்து பிடுங்கப்படுகிறது. ஏற்றத்தில், நான் சொன்ன அதே சரிவில், சரிவே இன்னும் சுமார் 14 கிலோவை முன்னாலிருந்து பின்னுக்குத் தள்ளிவிடும். முன்சக்கரம் லேசாகிவிட்டால் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். அதே 20 கிலோவைப் பின் அச்சுக்கு 50 செ.மீ. முன்னால், தாழ்வாக வைத்தால் முன்சக்கரத்துக்கு 8 கிலோ கூடுதலாகக் கிடைக்கும். குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும் கையை நீட்டிப் பிடித்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இந்தப் பாடத்தை நமக்குத் தினமும் நடத்திக் காட்டுவது டிவிஎஸ் வண்டி. ஓசூரில் 1980-ல் பிறந்த டிவிஎஸ் 50, பிறகு எக்ஸ்எல், இப்போது 99.7 சிசி எக்ஸ்எல் 100. இந்த எக்ஸ்எல் 100-ல் ஓட்டுபவரின் காலுக்கு முன்னால் தட்டையாக ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அரிசி மூட்டையோ பால்கேனோ அங்கே இறங்கும்போது எடை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், தாழ்வாக விழுகிறது. அத்தனை சின்ன இன்ஜின் அத்தனை சுமையைச் சாயாமல் கொண்டுபோவதில் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. என் கண்ணுக்கு, நம் ஊரில் செய்த மிகச் சிறந்த வாகன வடிவமைப்புகளில் அதுவும் ஒன்று.

சாதாரண 125 சிசி வண்டியில் அந்த இடம் இல்லை. ஆனால் டேங்குக்குக் கீழே, லெக் கார்டை ஒட்டி இருபுறமும் இடம் உண்டு. ஃபேரிங்கிலேயே சாமான் இடம் செய்வதும் புதிதல்ல. அமெரிக்காவின் கிரெய்க் வெட்டர் 1970-களில் விற்ற விண்ட்ஜாமர் ஃபேரிங்கில் இருபுறமும் உள்பக்கமாகச் சாமான் வைக்கக் குழி இருந்தது. அவர் செய்த புத்திசாலித்தனம், அதை ஹேண்டில்பாரில் மாட்டாமல் சேஸிஸில் மாட்டியது. ஹேண்டிலோடு திரும்பும் எதிலும் எடை கூடாது. கைக்கு எடை தெரியும், குண்டுகுழியில் ஆட்டமும் தெரியும். ஒரேயடியாக மூடிவிடவும் கூடாது. முன்சக்கரத்தையும் சேர்த்து மூடும் கவசம் பக்கக் காற்றில் வண்டியைத் தள்ளியதால், 1957 பருவத்தோடு சர்வதேசப் பந்தயங்களில் அதைத் தடைசெய்தார்கள். நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. காற்றால் குளிரும் இன்ஜின் மலையில் மெதுவாக ஏறும்போதே தவிக்கும். சிலிண்டருக்கு முன்னால் பெட்டியை அடைத்தால் வெந்துபோகும். பெட்டி பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும், நடுவில் காற்று புக வேண்டும்.

முதலில் அட்டையில் செய்து கயிற்றால் கட்டிப் பாருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். கியர் மாற்றுங்கள், பிரேக் மிதியுங்கள், முழங்கால் இடிக்கிறதா பாருங்கள். பின்னால் வைப்பதாக இருந்தால் ஒருவரை உட்காரவைத்து, ஷாக் அப்சார்பர் முழுக்க அமுங்கும்போது டயர் எங்கே வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சைலன்சர் பக்கம் இடைவெளி விட்டுத் தகடு ஒன்றைத் தடுப்பாக வையுங்கள். அதன்பிறகுதான் ஃபைபர். ஃபைபர் உடைவது போல்ட் ஓட்டையைச் சுற்றித்தான். அங்கே இன்னும் இரண்டு மடிப்பு ஃபைபர் மேட் ஒட்டி, பெரிய வாஷரும் ரப்பர் புஷ்ஷும் போடுங்கள். மூடியின் விளிம்பு பெட்டியின் மேல் கவிந்து இறங்கட்டும். அடியில், மிகத் தாழ்ந்த மூலையில் ஓர் ஓட்டை கட்டாயம். ஐப்பசி மழை எப்படியும் உள்ளே வரும், வெளியே போக வழி வேண்டும்.

சேஸிஸில் வெல்டிங் வேண்டாம். சூட்டில் குழாய் பலம் இழக்கும். பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் தடுக்கிறது. கிளாம்ப் போட்டு, கழற்றும்படி மாட்டுங்கள். இலகுரகப் பெட்டி வைப்பதற்கு 2020 ஜூலையில் விதியே வந்துவிட்டது. நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. பின்சீட் இடத்தில் வைத்தால் ஓட்டுபவர் மட்டும்தான். மொத்த எடை கம்பெனி சொன்ன வரம்புக்குள் இருக்க வேண்டும்.

மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்பதைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். சைடு ஸ்டாண்டில் வண்டி இடதுபுறம் சாயும். இடப்பெட்டிக்குப் பக்கக் கதவு வைத்தால் புளியும் கடுக்காயும் சாலையில் கொட்டும். அதற்கு மேல்மூடி வையுங்கள். வலப்பெட்டிக்குப் பக்கக் கதவு தாராளமாக வைக்கலாம்.