இணையம் எட்டாத இல்லங்கள்

நாகர்கோவிலைச் சூழ்ந்த நாஞ்சில் வயல்களில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைவிக்கும் குடியானவருள் சிலர் இல்லத்தில் இணையத் தொடர்பு வைத்துக்கொள்ளாதிருப்பதைச் சோம்பல் என்று எண்ணுவோர் உளர். அது பிழை. பேச்சிப்பாறைக்கு மேலுள்ள காணிக்காரர் குடியிருப்புகள் சிலவற்றில் குன்றும் காடும் அலைகளை மறைக்கின்றன. சமவெளியிலோ மாதக் கட்டணமும், முதியோர்க்குப் பழக்கமின்மையும் இடையூறு. பெண்டிர் நிலை இன்னும் தாழ்வு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் இணையத்தை ஒரு முறையேனும் உபயோகித்த ஆடவர் நூற்றுக்கு 48.7 ஆக, பெண்டிர் 24.6 மட்டுமே.

இதனால் விளையும் நஷ்டம் சொற்பமன்று. பட்டா மாறுதல், பயிர்க் காப்பீடு, பிரதம மந்திரி கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு ரூ.6,000 உதவித்தொகைக்குரிய அடையாளச் சரிபார்ப்பு ஆகியவை இணைய வழியே நடைபெறுகின்றன. நடவு நாளில் வயலை விட்டுப் பொதுச் சேவை மையத்தில் காத்திருப்போரைக் கிராம உத்தியோகஸ்தர்கள் நன்கறிவர். அவசரத்தில் இரகசியக் குறியெண்ணை அயலாரிடம் சொல்லிவிடுவோரும் உண்டு. அது பணத்துக்கே அபாயம்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, இணையம் உள்ளோரும் இல்லாதோரும் ஒரே இருளில் இருந்தனர். ஆகவே, இணையமுள்ள வீட்டிலும் பாட்டரி வானொலி ஒன்று இருத்தல் நலம். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல் நாகர்கோவிலிலேயே ஏற்பட்டதாகும்.