ராசாவின் வட்டத்தை நகலெடுத்தபோது

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் இருக்கிறது புத்தலப்பட்டு. விடிகாலையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வாசலில் யாராவது குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருப்பார்கள். தெலுங்கு பேசும் வீட்டில் அது முக்கு, தமிழ் பேசும் வீட்டில் கோலம். புள்ளிக்குத் தெலுங்கில் ‘சுக்க’. வடக்கே அதையே பிந்து என்பார்கள்.

பிந்து என்றால் ஓவியக்காரர்களுக்கு சையத் ஹைதர் ராசாதான். 1922-இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தில் பிறந்தவர். பள்ளியில் மனம் ஓரிடத்தில் நிற்காத பையன். ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வரைந்து, இதையே பார்த்துக்கொண்டிரு என்று உட்கார வைத்தாராம். 1950-இல் பாரிஸுக்குப் போன ராசாவின் கேன்வாஸில், பல வருஷம் கழித்து அந்தப் புள்ளி பெரிய கறுப்பு வட்டமாகத் திரும்பி வந்தது.

அந்த வரிசையில் ஒரு படத்தை இரண்டடிக்கு இரண்டடியில் அக்ரிலிக்கில் வரைந்து பார்க்க, போன கோடையில் உட்கார்ந்தேன். ஒரு வட்டம், சில வளையங்கள், ஓரங்களில் பட்டைகள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பதினோரு நாள் பிடித்தது.

முதல் சிக்கல் வட்டமே. ஆணியில் நூல் கட்டிச் சுற்றினேன். பருத்தி நூல் இழுக்க இழுக்க நீள்கிறது. தொடங்கிய இடத்தில் கோடு வந்து சேரவில்லை. கெட்டி அட்டைப் பட்டையில் இரண்டு துளை போட்டு, ஒன்றில் ஆணி, மற்றதில் பென்சில் என்று சுற்றியதும் சரியானது. வண்ணம் தீட்டும்போது கையை வளைக்கக் கூடாது. தட்டைத் தூரிகையை ஒரே கோணத்தில் பிடித்துக்கொண்டு கேன்வாஸைத்தான் திருப்ப வேண்டும்.

நேர்ப்பட்டைகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினேன். பிரித்தால் சிவப்பு அடியில் கசிந்து ரம்பம் போல நின்றது. டேப் ஒட்டியதும் அடியிலிருக்கும் பழைய நிறத்தையே அதன் விளிம்பில் ஒரு முறை பூசி உலரவிட வேண்டும். இடுக்குகளை அது அடைத்துவிடும். புது நிறம் பிறகுதான். துணியில் வரையும் ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் முக்கி உலர்த்திய பிறகே மூங்கில் எழுதுகோலை எடுக்கிறார்கள். பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாது.

அவர்களுடைய கறுப்பும் குப்பியில் வாங்கியதல்ல. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் ஊறவைத்த நீர், துணியிலிருக்கும் கடுக்காயைத் தொட்டதும் கறுக்கிறது. இதை நினைத்துக்கொண்டுதான் என் கறுப்பு டியூபை மூடிவைத்தேன். அதில் அடித்த வட்டம் தார் ஊற்றிய மாதிரி செத்துக் கிடந்தது. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பரும் கலந்து, மெல்லிய பூச்சாக நாலைந்து முறை ஏற்றினேன். நடுவில் நீலம் கூட்டி, ஓரத்தில் பழுப்பு கூட்டியபோது வட்டம் உள்வாங்கத் தொடங்கியது. அச்சுப் படத்தில் ஒரே கறுப்பாகத்தான் தெரிகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

நம் ஊர் வெயில் வேறு. தட்டிலேயே வண்ணம் தோலாகிவிடுகிறது. உலர்ந்தால் ஒரு படி கருத்தும் போகிறது. அதனால் சாம்பல் வளையங்களுக்கான கலவையைக் காகிதத்தில் தடவி, காய்ந்த பிறகு ஒப்பிட்டுக்கொண்டேன்.

இப்படி வரைந்ததைப் படித்து எழுதிய பாடமாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், விற்கக் கூடாது. ராசா இறந்தது 2016-இல். நம் சட்டப்படி காப்புரிமை 2076 வரை இருக்கிறது. 2009-இல் டெல்லியில் தன் பழைய படங்கள் என்று வைத்த கண்காட்சிக்கு வந்த ராசாவே, பல படங்கள் தன்னுடையவை அல்ல என்று சொல்ல வேண்டியிருந்தது. நான் பின்பக்கத்தில் ‘ராசாவைப் பார்த்து’ என்று எழுதி, என் பெயரையும் தேதியையும் போட்டேன்.

காய்வதற்காகத் திண்ணையில் சாய்த்து வைத்திருந்தபோது எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்தார். “பதினோரு நாளா ஒரே ஒரு சுக்கதானாப்பா? மீதியெல்லாம் எப்ப வெப்பே?”