பெயரிருக்கப் பட்டம் ஏன்?

கால் ஊனமான குமாஸ்தாவைப் பெயர் சொல்லி அழையாமல் ஊனத்தைச் சொல்லியே அழைப்பது நமது காரியாலயங்களில் ஒரு வேடிக்கையாக நடந்து வருகிறது. மேலதிகாரியின் தயவில் பிழைப்பவராகையால், அவரும் உடன் சிரித்துவிட்டுத் தம் மேஜைக்குத் திரும்புகிறார். அச்சிரிப்பைச் சம்மதமென்று கொள்வது பெரும் அநீதி.

2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் சென்னை அசோக் நகர் அரசினர் மகளிர் மேல்நிலைப் பள்ளியில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சொற்பொழிவாற்ற வந்த மகாவிஷ்ணு என்பவர், உடற்குறைகள் முற்பிறப்பின் பாவத்தால் விளைவன என்ற கருத்துப்பட மாணவிகளிடம் பேசினார். அங்கேயே பணிபுரியும் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் துணிந்து ஆட்சேபித்தார். பேச்சாளர் சபையறிய அவரோடு மல்லுக்கு நின்றார். செப்டம்பர் 7-ந் தேதி பேச்சாளர் கைதானார். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-வது பிரிவும் வழக்கில் சேர்ந்தது.

பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறைவாசமும் அபராதமும் விதிக்க அப்பிரிவு இடந்தருகிறது. பொதுமக்கள் பார்வை என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். அசோக் நகர்ப் பேச்சைக் காமிரா பதிவு செய்தது, நாடே பார்த்தது. பெரம்பலூர்க் கச்சேரியொன்றின் தஸ்தாவேஜு அறைக்குள் சொல்லப்படும் சொல்லுக்குச் சாட்சி யார்?

அங்கே கைகொடுக்கக்கூடியவை வேறு பிரிவுகள். ஊனமுள்ள ஊழியருக்கு இணக்கமான சூழ்நிலையை அளிப்பது சர்க்கார் ஸ்தாபனத்தின் கடமை என்கிறது 20-வது பிரிவு. அது மீறப்பட்டால் விசாரிக்கக் குறைதீர்க்கும் அதிகாரி ஒருவரை ஒவ்வொரு சர்க்கார் ஸ்தாபனமும் நியமிக்க வேண்டும். பதிவான முறையீட்டை அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரித்தாக வேண்டும். திருப்தியில்லையேல் ஜில்லா கமிட்டியிடம் போகலாம். இது 23-வது பிரிவு.

2007-இல் மறுபடியும் தனி ஜில்லாவான அரியலூரிலோ, சுண்ணாம்புக்கல்லை நம்பி நடக்கும் தனியார் சிமெண்டு ஆலைகள் பல. அவற்றை 23-வது பிரிவு கட்டுப்படுத்தாது; சமவாய்ப்புக் கொள்கையொன்றை வெளியிட்டால் போதுமென்று 21-வது பிரிவு விட்டுவிடுகிறது. சுரங்கத்தில் காலிழந்தவன் சர்க்கார் ஊழியனானால் அவன் சம்பளத்துக்கு இச்சட்டம் காவல். தனியார் கூலியானால் அக்காவலும் இல்லை. இந்த ஓட்டையைப் பார்லிமெண்டு அடைக்க வேண்டும் என்பதே நமது உறுதியான அபிப்பிராயம்.

அதுவரை இவ்விரு ஜில்லாக்களின் பொதுஜன ஊழியர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. தாங்கள் போகும் சர்க்கார் காரியாலயம் ஒவ்வொன்றிலும் குறைதீர்க்கும் அதிகாரி யார், முறையீட்டுப் பதிவேடு எங்கே என்று கேட்கட்டும். வாய்ப்பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கட்டும். 30 நாட்களுக்குள் பதில் வந்தாக வேண்டும்.